சபுரா ஆற்றோடு போன ஞாயிறு

கோட்டைமேட்டு சிக்கந்தருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் அவர் நடத்திய பாலித்தீன் கவர் கடை. இன்னொன்று, அவருடைய பச்சை பெல்ட்டில் தொங்கிய பாத்திர அறைச் சாவி. கடையின் பெருமையை அவரே சொன்னால்தான் உண்டு. சாவியின் பெருமையை ஊரே சொல்லும், பல்லைக் கடித்துக்கொண்டு.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் ஜமாஅத்துக்குச் சொந்தமான சமையல் பாத்திரங்கள் இருந்தன. நிக்காஹ், வலீமா, நோன்புக் கஞ்சி எதுவானாலும் சிக்கந்தர் வந்து திறந்தால்தான் கரண்டிகூட வெளியே வரும். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலையில் கிடைக்கிற அதிகாரத்துக்கு ருசி அதிகம் என்பது அவருக்குத் தெரியும். கதவில் ஒரு கரும்பலகை மாட்டி, 'விசேஷங்களுக்கு மட்டும்' என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். மழைக்காலத்தில் அழிந்தால் மறுபடி எழுதுவார். போன வருஷம் பிரியாணி மாஸ்டர் இஸ்மத், ஊர்க் கல்யாணங்களில் பாதிக்குச் சமைக்கிறவர், தன் வீட்டு விருந்துக்கு ஒரு தேக்சா கேட்டு வந்தபோதுகூட அந்தப் பலகையைத்தான் காட்டினார்.

"மாஸ்டரே, நீங்க பெரியவங்க. உங்களுக்கே குடுத்துட்டா நாளைக்கு ஊருல ஒவ்வொருத்தனும் மொட்டைமாடியில நிலாச்சோறு திங்கறதுக்குக் கேப்பானுங்க."

இஸ்மத் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாமல் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அந்த அறையின் ராணி, சபுரா. செம்புத் தேக்சா. வயிறு அகன்று, கழுத்து குறுகி, உள்ளே ஈயம் பூசியது. ஹஜ் போய்வந்த சபுரா என்ற அம்மாள் ஒருகாலத்தில் ஜமாஅத்துக்குக் கொடுத்தது. கழுத்தைச் சுற்றி அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். கொடுத்தவர் மவுத்தாகிவிட்டார். பெயர் பாத்திரத்துக்கே ஆகிவிட்டது. 'சபுராவை அடுப்புல ஏத்தியாச்சா?' 'சபுராவுக்கு ஈயம் பூசணும்' என்றுதான் பேசுவார்கள். வருகிற வியாழக்கிழமை சபுரா அம்மாளின் பேத்தி உஸ்மாவுக்கு நிக்காஹ். 'எங்க நன்னிமா தேக்சாவுலதான் ஆக்கணும்' என்று பெண்ணே கேட்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் பாத்திரங்களைப் பார்த்துவிட்டுப் போக வருவதாக இஸ்மத் சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த நிலைமையில்தான், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஃபஜர் தொழுகை முடிந்த கையோடு, சிக்கந்தர் அக்கம்பக்கம் பார்த்து, தன் அறையைத் தானே திறந்து, சபுராவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறவனுக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

காரணம் அவர் மனைவி உம்மல் குல்சும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குல்சுமுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. நடந்ததில் ஏதோ சிக்கலாகி, வீட்டுக்கு வர வேண்டிய நாளில் மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று உத்தரவு. பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தார்கள். அரை மயக்கத்தில் அவள், "என்னங்க, குத்தாலத்துல தண்ணி விழுகிற சத்தம் கேக்குது" என்றாள். வராந்தாவில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் வெளியே போய், சுவரைப் பார்த்து அழுதுவிட்டு, அல்லாஹ்விடம் ஒரு வார்த்தை சொன்னார்: இவளை எழுப்பிக் கொடு, அந்தத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

எழுப்பிக் கொடுத்துவிட்டான். தென்மேற்குச் சாரலும் பிடித்துவிட்டது. கோவைக் குற்றாலம் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டோடு போய் வரலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். குல்சுமின் தம்பி தாரிக் தன்னிடம் மேட்டடோர் வேன் இருப்பதை நினைவூட்டினான். வேன் என்றதும் அத்தை வந்தாள், சித்தி வந்தாள், சித்தியின் பக்கத்து வீடு வந்தது. வீட்டுக் குண்டான் போதாது. நன்றி சொல்லப் போகிற இடத்துக்குக் கறியில்லாத குஸ்காவோடு போக முடியுமா? இதுவும் ஒரு விசேஷம்தானே என்று சிக்கந்தர் தனக்குத்தானே ஃபத்வா கொடுத்துக்கொண்டார்.

இதில் ஒரு சின்ன விஷயம் அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. யாருக்காகப் பிரியாணியோ அவளுக்குப் பிரியாணி கூடாது. எண்ணெய், நெய் எதுவும் ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

"பரவாயில்லீங்க, நான் ரசஞ்சோறு கொண்டு வாரேன்" என்றாள் குல்சும். "எனக்கு நல்லானதுக்கு நீங்கல்லாம் சாப்பிட்டாச் சரி."

தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டிய சபுராவை வேனின் நடுவில் வைத்து, சுற்றிலும் குழந்தைகளை அணை கொடுத்து, பேரூர் தாண்டி, ஆலாந்துறை தாண்டி, இருட்டுப்பள்ளத்தில் திரும்பிச் சாடிவயல் போய்ச் சேர்ந்தார்கள். சிக்கந்தர் தன் பங்குக்கு, ஈரத்துணி வைக்க ஆளுக்கொரு கேரி பேக் கொடுத்தார். வெள்ளையில் நீலக் கோடு போட்டது. அவர் கடையின் சொந்தச் சரக்கு. கல்லூரியில் படிக்கிற மகள் மிஸ்பா கையிலும் ஒன்றைத் திணித்து, கடையில் சொல்கிற அதே ராகத்தில், "மழையில நனையாது, மண்ணுல மக்காது" என்றார்.

"மக்காதுங்கறதைப் பெருமையாச் சொல்ற ஒரே ஆளு நீங்கதானுங்க அத்தா" என்றாள் மிஸ்பா.

சபுராவையும் காவலுக்கு ஒரு சித்தியையும் வேனிலேயே விட்டுவிட்டு அருவிக்கு நடந்தார்கள். கோயம்புத்தூரில் பாதி அவர்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் போகப் போக மூலிகை வாசம் வரும் என்று சிக்கந்தர் சொல்லியிருந்தார். வந்தது ஷாம்பு வாசம். நல்லெண்ணெயும் சீயக்காயும் சோப்பும் கலந்து, மலையே குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்பதுபோல இருந்தது. பாறை இடுக்குகளில் ஷாம்பு பாக்கெட்டுகள் மினுமினுத்தன. ஒரு குரங்கு பிஸ்கட் பாக்கெட்டின் சிவப்பு நூலைச் சரியாகப் பிடித்து இழுத்துப் பிரித்தது. பத்து வருஷம் மளிகைக்கடையில் வேலை பார்த்ததுபோல ஒரு நேர்த்தி. கிளையொன்றில் ஒரு வெள்ளைக் கவர் மாட்டிக் காற்றில் உப்பி நின்றது. நீலக் கோடு.

"மிஸ்பா, அங்க பாரு! நம்ம சரக்கு!" என்றார் சிக்கந்தர். இந்தக் காட்டுக்குள்ளேயும் வந்துவிட்டதே என்று அவருக்கு ஒரு சந்தோஷம். மிஸ்பா மரத்தைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. அருவிச் சத்தத்தில் அது கரைந்துபோனது.

அருவியைப் பற்றி என்ன சொல்வது? இவ்வளவு எண்ணெயும் சோப்பும் கூச்சலும் அதன் காலடியில்தான் நடந்தன. அது மேலேயிருந்து புத்தம்புதிதாக வந்துகொண்டே இருந்தது. பெண்கள் பக்கம் மிஸ்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள, குல்சும் முதலில் ஓரத்தில் நின்றாள். ஒரு கையை மட்டும் நீட்டினாள். பிறகு தலையைக் கொடுத்தாள். சிக்கந்தர் ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, சின்னப்பிள்ளை மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவர் பார்க்காத சிரிப்பு. அருவியில் நனைகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, முகத்தில் வழிவது எதுவென்று யாரும் கேட்பதில்லை.

வெளியே வந்ததும் குல்சும் சொன்னாள்: "அன்னைக்கு ஒரு சொட்டுக்கு அழுதேன். இன்னைக்கு மலையே ஊத்துதுங்க."

இதோடு வீடு திரும்பியிருந்தால் கதையே இல்லை. ஆனால் பசி இருந்தது, சபுரா இருந்தாள்.

சாடிவயலுக்குக் கொஞ்சம் கீழே, ஆறு அகலமாகி ஓடும் இடத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். மாவைப் பிளந்து மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில், பக்கத்தில் புளிசாதம் தின்றுகொண்டிருந்த குடும்பம் ஒன்று திரும்பி உட்கார்ந்தது. அவர்களுக்கும் ஒரு தட்டு போனது. சாப்பிட்டு முடித்ததும் எலும்பு, எலுமிச்சைத் தோல், காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், கிழிந்த கவர் எல்லாம் குவிந்தது. "எங்க போடறதுங்க?" என்று சித்தி கேட்டாள்.

"ஆத்துல போடுங்க சித்தி. தண்ணி கொண்டு போயிரும்" என்றார் சிக்கந்தர்.

தண்ணீர் கொண்டுபோனது. தட்டுகள் வரிசையாக, தாமரை இலை மாதிரி மிதந்து வளைவில் திரும்பி மறைந்தன. குழந்தைகள் கைதட்டினார்கள். மிஸ்பாவின் ஒரு செருப்பும் சேர்ந்து போனது. அதற்கும் கைதட்டினார்கள்.

சபுராவைக் கழுவும் வேலையைச் சிக்கந்தர் யாருக்கும் தரவில்லை. மணல் போட்டுத் தேய்த்தால் ஈயம் போய்விடும். அவர்தான் செய்ய வேண்டும். ஒட்டிய சோற்றை விரலால் வழித்து, நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, கடைசியாக ஒரு அலசலுக்குக் கணுக்கால் தண்ணீரில் இரண்டு கல்லுக்கு நடுவே வைத்தார். "தாரிக்கு, மூடியைக் கொண்டா!" என்று திரும்பிக் கத்தினார். தாரிக், "எந்த மூடிங்க மச்சான்?" என்றான். "உன்ற தலை மூடி! தேக்சா மூடிடா!" என்று சொல்லி முடிப்பதற்குள், மேலே மலையில் எங்கோ பெய்த மழை கீழே வந்து சேர்ந்தது. கணுக்கால் முழங்காலாகியது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு கல் இருந்தன.

சபுரா போய்க்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், கல்யாணத்துக்கு வந்த பெரிய வீட்டு அம்மாள் பந்தலுக்குள் நடப்பதுபோல, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு.

சிக்கந்தர் பாய்ந்தார். கைலி காலைச் சுற்றியது. பாறை வழுக்கியது. முழுசாக ஒரு முங்கு முங்கி எழுந்தபோது, வளைவில் செம்பு ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மறைந்தது.

"தண்ணி கொண்டு போயிருச்சுங்களா அத்தா?" என்றாள் மிஸ்பா.

கிண்டலா அனுதாபமா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. "வேனை எடுத்துட்டு ரோட்டு வழியாக் கீழ் ஊருக்கு வாங்க. நான் ஆத்தோரமாப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

ஆற்றோரம் நடக்க நடக்க மனசுக்குள் திங்கட்கிழமை வந்து நின்றது. இஸ்மத் வருவார். எண்ணிப் பார்ப்பார். 'சபுரா எங்கப்பா?' என்பார். என்ன சொல்வது? ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன்? எந்தக் கடை என்று கேட்பார். திருடு போய்விட்டது? சாவி யாரிடம் என்று கேட்பார். போன வருஷம் அவருக்கு மறுத்த தேக்சா இந்த வருஷம் பிக்னிக் போனது தெரிந்தால், கோட்டைமேட்டில் தலை காட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த உஸ்மாப் பெண். அம்மாவைப் பெற்றவளின் பாத்திரத்தில் சமைக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள். அவளிடம் என்ன முகத்தோடு போய், 'உன்ற நன்னிமா ஆத்தோட போயிட்டாங்க கண்ணு' என்பது?

தேக்சா கண்ணில் படவில்லை. மற்றதெல்லாம் பட்டது. கருவேல முள்ளில் கவர்கள் கிழிந்து தொங்கின. புதரில் ஒரு ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது; வாயோரம் நீலக் கோடு தெரிந்தது. சிக்கந்தர் நின்று, "ச்சூ, துப்பு" என்றார். ஆடு அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. ஒரு தேக்கத்தில் அவர்களுடைய காகிதத் தட்டுகளே சுற்றிச் சுற்றி வந்தன. தண்ணீர் கொண்டுபோவது வாஸ்தவம்தான். எங்கே கொண்டுபோகிறது என்று இத்தனை வயசுக்கு அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கீழ் ஊர் வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே சின்னத் தடுப்பணை. கரையில் ஒரு அம்மாள், தேங்காய் பறிக்கிற தொரட்டியால் தண்ணீரிலிருந்து எதையெதையோ இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈரக் குவியல்.

"ஏனுங்க அம்மணி" என்றார் சிக்கந்தர், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு. "இந்தப் பக்கம் ஒரு பாத்திரம் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

அவள் திரும்பவில்லை. "இந்தப் பக்கம் என்னதானுங்க வருல? காத்தாலிருந்து ஒரு துண்டு, ஒத்தைச் செருப்பு, எலும்பு, எலுமிச்சந்தோலு, தட்டுத் தட்டா வருது. மாப்பிள்ளை ஊட்டுச் சீரு வர்ற மாதிரி வரிசையா வருது. உங்களுது எதுங்க?"

எல்லாமே என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. "செம்புத் தேக்சாங்க. பேரு வெட்டியிருக்கும்."

"என்ன பேரு?"

"சபுரா."

"உங்க சம்சாரமுங்களா?"

"இல்லீங்க. அவங்க மவுத்தாகி நொம்ப நாளாச்சுங்க."

தொரட்டி நின்றது. அவள் முழுசாகத் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செத்தவங்க பேரு போட்ட பாத்திரத்தையா ஆத்துல உட்டீங்க?"

சிக்கந்தர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். தொண்டை வறண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீரை அள்ளக் கையை நீட்டினார்.

"அதைக் குடிக்காதீங்க!" என்று அவள் அதட்டினாள். வீட்டுப் பக்கம் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இதைக் குடிங்க. இது சனிக்கெழமைத் தண்ணி."

"சனிக்கெழமைத் தண்ணிங்களா?"

"ஞாயித்துக்கெழமை நாங்க ஆத்துல தண்ணி மோக்கறதில்லீங்க. சனிக்கெழமை பொழுதோடவே மொண்டு வெச்சுக்குவோம். திங்கக்கெழமை ஒரு நாளு ஓடிக் கழிஞ்சா அப்புறம் எடுப்போம்."

"ஏனுங்க?"

"ஞாயித்துக்கெழமைதானுங்களே நீங்கல்லாம் வர்றீங்க" என்றாள் அவள். கோபமே இல்லை. வெள்ளிக்கிழமை சந்தை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சிக்கந்தர் மிச்சத் தண்ணீரைச் சிந்தாமல் சொம்பைக் கீழே வைத்தார். வீட்டில் அவர் சொட்டுத் தண்ணீருக்காக அழுதவளை வைத்திருக்கிறார். அவளுக்கு மலையே ஊற்றியது. இந்த அம்மாள் அதே மலையின் காலடியில் ஒரு நாள் முன்னாடியே குடத்தை ரொப்பி மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏனுங்..." என்று அவள் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள். "உங்க கன்னுக்குட்டிக்கு ஆளு வந்திருக்குதுங்க!"

வாழைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். சின்னான் என்று பெயர். தொரட்டிக்காரி அவர் மனைவி பழனியாத்தாள். முன்பு கூலி வேலை செய்தவர்கள், இப்போது அந்தத் தோட்டத்துக்குக் காவல்.

"நான் கன்னுக்குட்டிதான் அடிச்சுட்டு வருதுன்னு கவுத்தை எடுத்துட்டுக் குதிச்சுப்போட்டேனுங்க பாய்" என்றார் சின்னான். "கிட்டப் போயிக் கழுத்தைப் புடிச்சா, ணங்குனு சத்தம் கேக்குது. கன்னுக்குட்டி இப்பிடிக் கத்தாதேன்னு அப்பத்தான் தெரிஞ்சுதுங்க."

மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மேல் சபுரா உட்கார்ந்திருந்தாள். பாறை இடித்து வயிற்றில் ஒரு சொட்டை. மற்றபடி சுகம். சிக்கந்தர் அவள் கழுத்தைத் தடவினார். பெயர் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சின்னானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அட, உடுங்க பாய். தண்ணியில வந்ததைப் புடிச்சு வெச்சோம், அம்புட்டுத்தான்."

அதற்குள் மேட்டடோர் வந்து நின்று, கூட்டம் மொத்தமும் இறங்கியது. பழனியாத்தாள் குல்சுமைப் பார்த்ததும், "அம்மணி ஒடம்புக்கு ஆகாதவங்களாட்டத் தெரியறீங்க, இப்பிடி உக்காருங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டாள். குல்சும் ஆபரேஷன் கதையைச் சொல்ல, பழனியாத்தாள் தன் நாத்தனார் வயிற்றில் எடுத்த கல்லின் கதையைச் சொல்ல, யார் கல் பெரியது என்பது முடிவாகாமலே நேரமாகிவிட்டது. கிளம்பலாம் என்று சிக்கந்தர் தேக்சாவைத் தூக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் பழனியாத்தாள். "வெறும் பாத்திரமாக் குடுக்க மாட்டோமுங்க. எங்கூட்டுல அந்தப் பழக்கமில்லீங்க."

"அய்யோ, எதுக்குங்க அதெல்லாம்..."

"உங்கூட்டுல வெறுசாக் குடுப்பீங்களா?"

கொடுக்க மாட்டார்கள்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூடக் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கோட்டைமேட்டில் திருப்பிக் கொடுப்பார்கள். சிக்கந்தர் வாயை மூடிக்கொண்டார். புருஷனும் மனைவியும் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். நேரமாயிற்று. நடுவில் பழனியாத்தாள் சிரிப்பதும் சின்னான் "வேண்டா புள்ளே" என்பதும் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை மேலே மூடி, வாழை நாரால் கட்டியிருந்தார்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"ஊட்டுல போயி அவுருங்க" என்றாள் பழனியாத்தாள்.

வேன் கிளம்பியது. சிக்கந்தருக்கு மனசு நிறைந்திருந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்! கனத்தைப் பார்த்தால் தேங்காயாகத்தான் இருக்க வேண்டும். இருட்டுப்பள்ளம் வரும்போது தாரிக், "மச்சான், பழ வாசம் வருதுங்க" என்றான். அதற்கு மேல் யாராலும் பொறுக்க முடியவில்லை. நாரை அவிழ்த்துத் தாம்பாளத்தை எடுத்தார்கள். மேலே ஒரு சீப்புக் கதலி. தங்கமாகப் பழுத்தது. குழந்தைகள் கை நீட்டின. சீப்பைத் தூக்கினார்கள். கீழே வாழையிலை. இலையையும் தூக்கினார்கள்.

குழந்தைகள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டன.

தண்ணீரில் ஊறிக் கனத்த காகிதத் தட்டுகள், அடுக்கி. பிளாஸ்டிக் டம்ளர்கள், ஒன்றுக்குள் ஒன்று. எலும்புகள், தனியே ஒரு இலைப் பொட்டலத்தில். நீலக் கோடு போட்ட கவர்கள், அலசி மடித்து. ஓரத்தில் மிஸ்பாவின் ஒற்றைச் செருப்பு, சேறு போகக் கழுவியது.

"குப்பையக் குடுத்திருக்குறா!" என்று கத்தினார் சிக்கந்தர். "நம்மளை என்னன்னு நெனச்சுட்டா அந்தம்மா? பாத்திரம் நிறையக் குப்பை!"

குல்சும் சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "குப்பையாங்க? நல்லாப் பாருங்க. ஒண்ணாவது அவங்க பொருளா? எல்லாம் நம்மளுதுதானுங்க. பழத்தைத் தவிர."

"ஒரு தட்டுக்கூடக் குறையல. என்ற செருப்பையும் குடுத்துட்டாங்கத்தா" என்றாள் மிஸ்பா, அதைக் காலில் மாட்டிக்கொண்டு.

"மச்சான், இங்க ஆளில்ல. ரோட்டோரமாத் தள்ளிட்டுப் போயிரலாங்களா?" என்றான் தாரிக்.

சரி என்று சொல்ல சிக்கந்தர் வாயைத் திறந்துவிட்டார். மடியில் அந்தத் தாம்பாளம் இருந்தது. குனிந்து பார்த்தார். விளிம்பில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர்: பழனியாத்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு யாரோ சீராகக் கொடுத்தது. மூடியில்லாமல் வந்த பாத்திரத்துக்குத் தன் பெயர் போட்ட தட்டையே மூடியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். யார் என்ன என்று கேட்காமல், திரும்ப வருமா வராதா என்று பார்க்காமல்.

"வேண்டாம். ஊட்டுக்குக் கொண்டு போலாம்" என்றார். ஒரு பழம் மட்டும் தின்றார். தோலை வெளியே எறியப் போய், சுற்றியிருந்த அத்தனை கண்களையும் பார்த்துவிட்டு, சபுராவுக்குள் போட்டார்.

மறுநாள் காலையில் இஸ்மத் வந்தார். ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிப் பார்த்தார். சபுராவிடம் வந்ததும் நின்று, வயிற்றைத் தடவி, "இதென்னப்பா சொட்டை? போன மாசம் இல்லியே?" என்றார்.

ராத்திரி முழுக்கத் தயாரித்த பதில் ஒன்று சிக்கந்தரிடம் இருந்தது. எலி, பலகை, மேலிருந்து விழுந்தது என்று கோர்வையாக வரும். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மாஸ்டரே, குல்சுமுக்கு நல்லாச்சுன்னு குத்தாலம் போனோமுங்க. சபுராவைத்தான் கொண்டு போனேன். ஆத்தோட போயிருச்சு. ஒரு புண்ணியவான் கன்னுக்குட்டின்னு நெனச்சுக் காப்பாத்திக் குடுத்தாருங்க."

இஸ்மத் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிக்கந்தரைப் பார்த்தார். ஒரு வருஷம் காத்திருந்த சிரிப்பு மெதுவாக வந்தது. "மொட்டைமாடியில நிலாச்சோறு திங்கறதுக்குக் குடுக்கக் கூடாது. ஆத்துல நீச்சலுக்கு மட்டும் குடுக்கலாமாக்கும்?"

"தப்புதானுங்க. சாவியைக் குடுத்தர்றேனுங்க."

"சாவியை வாங்கி நான் என்ன பண்றது? அந்தப் பலகையை அழி மொதல்ல." வாசலில் நின்று திரும்பினார். "குல்சும் சிரிச்சுதா அங்க?"

"சிரிச்சா மாஸ்டரே."

"அப்பச் சரி போ."

சிக்கந்தர் பலகையை அழித்தார். வெகுநேரம் யோசித்துப் புதிதாக எழுதினார்: 'குற்றாலம், ஆழியாறு போகிறவர்களுக்கும் பாத்திரம் உண்டு. போன இடத்துக் குப்பையோடு திரும்ப வர வேண்டும். வெறும் பாத்திரம் வாங்கப்பட மாட்டாது.' அன்றைக்கே நாலு பேர் நின்று படித்துவிட்டு, பாய்க்குக் குற்றாலத்தில் தலையில் பலமாக அடிபட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கவர் வியாபாரத்தை அவர் விட்டுவிடவில்லை. அவ்வளவு பெரிய மனசு அவருக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடாது. 'மண்ணுல மக்காது' என்கிற வரியை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார். வாய்வரை வரும், தடுப்பணை ஞாபகம் வந்து நின்றுகொள்ளும்.

வியாழக்கிழமை சபுராவில் பிரியாணி வெந்தது. சொட்டையை இஸ்மத் அடுப்புப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார், யாருக்கும் தெரியவில்லை. உஸ்மா முதல் தட்டை வாங்கி, தேக்சாவைப் பார்த்துக் கண் கலங்கியபோது சிக்கந்தருக்கும் கலங்கியது. அவளுக்கு நன்னிமா ஞாபகம். அவருக்கு வளைவில் மினுக்கிய செம்பு ஞாபகம்.

பந்தி முடிந்ததும், உஸ்மா வீட்டில் கேட்டு வாங்கி, பழனியாத்தாளின் தாம்பாளத்தில் கும்பாரமாகப் பிரியாணியைக் குவித்து, மேலே குல்சுமின் தட்டு ஒன்றைக் கவிழ்த்து, வாழை நாரால் கட்டினார்கள். தாரிக் வேனை எடுத்தான். பொழுது சாய்வதற்குள் தடுப்பணைக்குப் போய்விட்டார்கள்.

பழனியாத்தாள் கட்டை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, "அடியில என்னங்க இருக்குது?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"அடியிலயும் பிரியாணிதானுங்க" என்றாள் குல்சும். "உங்களாட்ட எங்களுக்குச் சாமர்த்தியம் பத்தாதுங்க."

சின்னான் அங்கேயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். பழனியாத்தாள் குல்சுமின் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது உங்களுதுங்களா அம்மணி? அப்ப இதையும் வெறுசாக் குடுக்க முடியாதுங்களே" என்று சொல்லி, மெதுவாகத் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்தாள்.

"அம்மணி, உங்க காலுல விழுறேனுங்க" என்றார் சிக்கந்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு அன்றைக்குத் தெளிந்து ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கற்கள் தெரிந்தன. பழனியாத்தாள் சொம்பை அலசி, அணைக்கு மேல்புறம் இறங்கி மொண்டு வந்து குல்சுமிடம் கொடுத்தாள். "இன்னைக்கு வியாழக்கெழமைங்க. தைரியமாக் குடிங்க."

குல்சும் சொம்பை அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவதை சிக்கந்தர் பார்த்துக்கொண்டே நின்றார். பஞ்சு ஞாபகம் வந்தது. அல்லாஹ்விடம் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார், நிறுத்திவிட்டார். அதோடு தீர்ந்ததாக நினைத்திருந்தார்.

எதிர்க்கரையில், வேரில் மாட்டி, ஒரு வெள்ளைக் கவர் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்.

"பாய், பாய், வேட்டி நனையுதுங்க!" என்றார் சின்னான். "அது உங்களுது இல்லீங்க. அன்னைக்கே உங்களுது அத்தனையும் எடுத்துப் போட்டாச்சு. அது எவனோ உட்டதுங்க."

சிக்கந்தர் இடுப்புத் தண்ணீரில் நின்று கவரைப் பிடித்து இழுத்தார். வேரோடு போராடி வந்தது. நீரை உதறிப் பிரித்துப் பார்த்தார். நீலக் கோடு.

"இல்லீங்க," என்றார், "நம்ம சரக்குதானுங்க."